நாவுக்கும் கைக்காசுக்கும் பொருந்தும் வைன்: கொழும்பில் புதிதாக வாங்குவோருக்கு

கொழும்பில் "வைன் ஸ்டோர்ஸ்" என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலும் விற்பனையாவது சாராயமும் பியரும்தான். வைன் ஒரு மூலைத் தட்டில் நிற்கும். சுப்பர் மார்க்கெட்டுகளின் மதுபானப் பகுதிகளில் தெரிவு அதிகம். ஆனால் தெரிவு கூடக் கூடக் குழப்பமும் கூடும். முதல் தடவை அந்தத் தட்டின் முன் நிற்பவர் மிக மலிவானதை எடுப்பார், அல்லது லேபிள் அழகாக இருப்பதை எடுப்பார். இறக்குமதி வைனின் விலையில் வரிக்குப் பெரிய பங்கு இருக்கும் நாட்டில் இந்த இரண்டு வழிகளும் கையைக் கடிக்கும். உங்களுக்குப் பிடிக்கக்கூடியதை ஓரளவு உறுதியோடு தேடி எடுக்க ஒரு முறை இருக்கிறது. அதை வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கலாம்.

சட்டம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது. போயா தினங்களில் விற்பனையே இல்லை. விருந்து எப்போது என்று பார்த்து, நாட்காட்டியையும் பார்த்து, முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

முதலில் உங்கள் நாக்கு

ஒரு வைனை அறிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும். இனிப்பு எவ்வளவு? புளிப்பு எவ்வளவு? துவர்ப்பு எவ்வளவு? வாயில் எவ்வளவு கனம்? செர்ரி, புகையிலை, ஈரமண் என்று பின்லேபிளில் எழுதியிருக்கும் வாசனைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவை பிறகு தாமாகவே பிடிபடும்.

துவர்ப்பைத் தெரிந்துகொள்ள ஒரு கோப்பை பிளேன்டீ போடுங்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேயிலை போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, சீனி சேர்க்காமல் ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டி விழுங்குங்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு, நாக்கு சொரசொரப்பாகத் தோன்றும். சிவப்பு வைனிலும் அதே உணர்வு வருகிறது. தேயிலையிலும் திராட்சையிலும் அதற்குக் காரணம் டானின் என்ற ஒரே வகைச் சேர்மங்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் இருக்கிறது. சிவப்பு வைனைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். வெள்ளை வைனுக்கோ சாற்றைப் பிழிந்து தோலை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். அதனால்தான் சிவப்பு துவர்க்கிறது, வெள்ளை பெரும்பாலும் துவர்ப்பதில்லை.

இனி அதே தேநீரில் கொஞ்சம் பால் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். வறட்சி அடங்கிவிடும். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. கடும் துவர்ப்புள்ள சிவப்பு வைன் மாட்டிறைச்சியோடும் சீஸோடும் மென்மையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம் என்பார்கள்.

இந்தச் சோதனையிலேயே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சீனியில்லாத கடும் பிளேன்டீயை விரும்பிக் குடிப்பவர் கபர்னே சோவின்யோன், ஷிராஸ், மல்பெக் போன்ற திராட்சை வகைகளின் பெயரில் வரும் சிவப்புகளில் துணிந்து தொடங்கலாம். அந்த வறட்சி பிடிக்காதவர்கள் மெர்லோ, பினோ நுவார் போன்ற மென்மையான சிவப்புகளுக்கோ வெள்ளைக்கோ இளஞ்சிவப்பு நிற ரோசேக்கோ போவது நல்லது. "சிவப்பு வைன் எனக்குப் பிடிக்காது" என்று சொல்லும் பலருக்கு உண்மையில் பிடிக்காதது அந்த வறட்சி மட்டுமே. அவர்கள் கையில் கொஞ்சம் குளிரவைத்த பினோ நுவாரைக் கொடுத்தால் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

புளிப்பை அளக்க நாக்கைவிட வாயின் ஓரங்கள் உதவும். விழுங்கிய பிறகு தாடையின் இரு பக்கமும் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். நிறைய ஊறினால் புளிப்பு அதிகம். தேசிக்காய்த் தண்ணீரைச் சீனி குறைத்துக் குடிப்பவர்களுக்குச் சோவின்யோன் ப்ளாங், ரீஸ்லிங் என்ற வெள்ளைகள் உடனே பிடித்துவிடும். புளிப்பு வேண்டாம் என்பவர்கள் வெப்பமான பிரதேசத்து ஷார்டனே என்ற வெள்ளையைத் தேடலாம். அது கனமாகவும் மென்மையாகவும் இருக்கும்.

ஏமாறுவது பெரும்பாலும் இனிப்பில்தான். பழ வாசனை தூக்கலாக இருந்தால் மூளை அதை இனிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்தால் உண்மை தெரியும். இனிப்பில்லாத வைனில் பொதுவாக லீற்றருக்கு 4 கிராமுக்கும் குறைவான சீனியே இருக்கும். மொஸ்காட்டோ தாஸ்தி போன்ற இனிப்பு வைனில் அது 100 கிராமைத் தாண்டலாம். ஒரு லீற்றர் கோலா பானத்தில் இருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம்.

எங்கள் வீடுகளில் பலருக்கு வைன் என்றால் நினைவுக்கு வருவது நத்தாருக்கு ஊற்றும் இஞ்சி வைனும், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தோலகட்டி வைனும்தான். இரண்டும் இனிப்பானவை. அந்தச் சுவையில் பழகியவருக்கு முதல் நாளே இனிப்பில்லாத கபர்னேயைக் கொடுத்தால் மருந்து குடித்தது போல் முகம் சுளிப்பார், வைனையே வெறுத்துவிடுவார். இனிப்பு பிடிக்கும் என்பதில் தாழ்வு எதுவும் இல்லை. ரீஸ்லிங் திராட்சையிலிருந்து ஜெர்மனி உலகமே மதிக்கும் இனிப்பு வைன்களைத் தருகிறது. மொஸ்காட்டோவில் தொடங்கி, இலேசாக இனிக்கும் ரீஸ்லிங்குக்கும் செனின் ப்ளாங்குக்கும் வந்து, விருப்பமிருந்தால் அங்கிருந்து இனிப்பில்லாத பக்கம் நகரலாம். விருப்பமில்லையென்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

கனம் என்பது வைன் வாயில் எவ்வளவு அடர்த்தியாக உட்கார்கிறது என்பது. அதற்குப் பெரிய காரணம் அல்ககோல். லேபிளில் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். 14 அல்லது அதற்கு மேல் என்றால் கனமான, தொண்டையில் சூடேற்றும் வைன். 12 சுற்றி என்றால் இலேசானது. 5 முதல் 9 வரை என்றால் பெரும்பாலும் இனிப்பானது. திராட்சையின் சீனி முழுவதும் அல்ககோலாக மாறும் முன்பே நொதித்தலை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். போத்தலைத் திறக்காமலே இனிப்பைப் பற்றித் துப்புத் தரும் எண் இது. எனக்குத் தெரிந்து புதிதாக வாங்குவோரில் மிகச் சிலரே இதைப் பார்க்கிறார்கள்.

லேபிளை வாசிப்பது

குறைந்த செலவில் தொடங்குவோருக்கு என் பரிந்துரை: திராட்சையின் பெயர் முன்லேபிளிலேயே பெரிதாக எழுதப்பட்ட போத்தல்களோடு நில்லுங்கள். சிலி, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, ஆர்ஜென்டீனா, நியூசிலாந்து நாட்டுப் போத்தல்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாட்டவர்கள் பெரும்பாலும் ஊரின் பெயரை எழுதுவார்கள். அங்கே என்ன திராட்சை விளைகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்ற எண்ணம் அவர்களுக்கு. சான்செர் என்ற ஊர்ப்பெயரில் வரும் வெள்ளை வைன் சோவின்யோன் ப்ளாங். ஷப்லி என்றால் ஷார்டனே. ரியோஹா சிவப்பு என்றால் பெரும்பாலும் டெம்ப்ரானியோ. கியான்டி என்றால் முக்கியமாக சாஞ்சியோவேசே. பொர்தோ சிவப்பு கபர்னே, மெர்லோ முதலியவற்றின் கலவை.

இது தெரிந்துவிட்டால் காசு மிச்சமாகும். புகழ்பெற்ற ஊரின் பெயருக்குக் கூடுதல் விலை உண்டு. அதே திராட்சை வேறு நாட்டிலிருந்து வந்தால் அந்தக் கூடுதல் இல்லை. சான்செரின் இடத்தில் சிலியின் சோவின்யோன் ப்ளாங்கை வைக்கலாம், பொர்தோவின் இடத்தில் சிலியின் கபர்னேயை வைக்கலாம். கொண்டாட்டத்துக்கு ஷாம்பெயின் வேண்டும் என்று நினைப்பவர் ஸ்பெயினின் நுரைக்கும் வைனான காவாவைத் தேடட்டும். ஷாம்பெயினைப் போலவே அதிலும் நுரையைத் தரும் இரண்டாம் நொதித்தல் போத்தலுக்குள்தான் நடக்கிறது. இத்தாலியின் நுரைக்கும் வைனான புரோசெக்கோவில் பெரும்பாலும் அது பெரிய தொட்டியில் நடக்கும், அதனால் உற்பத்திச் செலவு குறைவு, சுவையும் இலேசு.

சிலியின் கார்மெனேர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது பிரான்ஸின் பழைய திராட்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி அங்குள்ள தோட்டங்களை அழித்தபோது ஏறக்குறைய மறைந்துபோனது. சிலியில் பல தசாப்தங்களாக அதை மெர்லோ என்று நினைத்தே வளர்த்தார்கள். 1994இல் ஜான்-மிஷெல் புர்சிக்கோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்தான் இலைகளையும் கொடிகளையும் பார்த்து அது கார்மெனேர் என்று அடையாளம் கண்டார். துவர்ப்பு மிதமானது, பச்சை மிளகின் வாசனை இலேசாக எழும். மிளகு தூக்கலாகப் போட்ட எங்கள் இறைச்சிக் கறியோடு இதைவிட இயல்பாகப் பொருந்தும் சிவப்பை அந்த விலைத் தட்டில் நான் கண்டதில்லை.

"ரிசர்வ்" என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். ரியோஹாவில் "ரிசர்வா" என்று எழுத வேண்டுமானால் சிவப்பு வைன் மூன்று வருடம் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும், அது சட்டம். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு அப்படியான சட்டப்பொருள் இல்லை, விற்பவர் விரும்பினால் அச்சிடலாம். தங்கப் பதக்க ஒட்டிகள், கனமான கண்ணாடி, அடியில் ஆழமான குழி எதுவும் உள்ளே இருப்பதைப் பற்றிச் சாட்சி சொல்லாது.

விலையைப் பொறுத்தவரை, தட்டின் மிக மலிவான போத்தலுக்கு ஒரு படி மேலே உள்ளதை எடுங்கள். போத்தல், மூடி, லேபிள், கப்பல் கூலி எல்லாம் மலிவு வைனுக்கும் சற்றே நல்ல வைனுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அந்த முதல் படியில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் நல்ல பங்கு வைனுக்கே போகிறது. அதற்கு மேலே ஏற ஏற, பெயருக்குக் கொடுப்பது கூடும்.

கடையில் வெயிலைக் கவனியுங்கள்

குளிர்நாட்டில் எழுதப்பட்ட வைன் புத்தகங்கள் இதை அவ்வளவு வற்புறுத்துவதில்லை. கொழும்பில் இது எல்லாவற்றையும்விட முக்கியம். வைனுக்கு வெப்பம் எதிரி. வருடம் முழுவதும் பகலில் 30 பாகை செல்சியஸைத் தொடும் ஊரில், குளிரூட்டாத கடையின் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற போத்தல் எவ்வளவு நல்ல தோட்டத்தில் பிறந்திருந்தாலும் அவிந்துபோயிருக்கும். பழத்தின் துடிப்பு போய், காய்ச்சிய ஜாம் போன்ற தட்டையான வாசனையே மிஞ்சும்.

ஆகவே நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும், சரக்கு வேகமாக நகரும் கடையில் வாங்குங்கள். வீதியோர ஜன்னலுக்கு அருகிலோ சுடும் விளக்கின் நேர் கீழோ உள்ள போத்தலைத் தவிருங்கள். பின்வரிசையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம். நிறமற்ற கண்ணாடியில் வரும் வெள்ளையையும் ரோசேயையும் வெளிச்சமே கெடுத்துவிடும், அவற்றில் இன்னும் கவனம் வேண்டும். போத்தலைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தக்கை மேலே தள்ளி நிற்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா, வைனின் மட்டம் பக்கத்துப் போத்தலைவிடத் தாழ்ந்திருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். திருகுமூடி போட்ட போத்தலை மட்டமாக நினைக்க வேண்டாம். நியூசிலாந்தின் நல்ல வைன்களில் மிகப் பெரும்பாலானவை திருகுமூடியில்தான் வருகின்றன, தக்கையால் வரும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றமும் அவற்றில் அனேகமாக இல்லை.

லேபிளில் அச்சிட்டிருக்கும் அறுவடை வருடமும் முக்கியம். பழைய வைன் நல்ல வைன் என்பது மிகச் சிறிய, மிக விலையுயர்ந்த கூட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் கைக்கெட்டும் விலையில் உள்ளவை இளமையிலேயே குடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. வெள்ளையும் ரோசேயும் அறுவடையிலிருந்து இரண்டு வருடத்துக்குள், சிவப்பு மூன்று நான்கு வருடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு அரைக்கோளத்தில் அறுவடை பெரும்பாலும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும். வடக்கில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை. ஒரே வருடம் அச்சிட்டிருந்தாலும் சிலிப் போத்தல் பிரெஞ்சுப் போத்தலைவிட அரை வருடம் மூத்தது.

கடைக்காரரிடம் "நல்ல வைன் ஒன்று தாருங்கள்" என்று கேட்டால் அவர் விலை கூடியதையோ தேங்கிக் கிடப்பதையோ காட்டத்தான் வழி உண்டு. கேள்வியை இறுக்கிக் கேளுங்கள்: "அண்ணா, இனிப்பில்லாத வெள்ளை வைன் வேண்டும். புளிப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நல்லது. போன வருடத்துப் போத்தல் இருக்கிறதா? இந்த விலைக்கு மேலே வேண்டாம்." விலையை முதலிலேயே சொல்வதில் கூச்சப்படத் தேவையில்லை. வெள்ளவத்தையானாலும் கொள்ளுப்பிட்டியானாலும், அனுபவமுள்ள கடைக்காரர் அப்படிக் கேட்பவரை மதிப்பார், அடுத்த முறை உங்களை நினைவில் வைத்து எடுத்தும் கொடுப்பார்.

வீட்டில் சுவைப்பது

தனியாக ஒரு போத்தல் வாங்கிக் குடித்தால் "பரவாயில்லை" என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு துலங்கும். நண்பர்கள் சிலர் காசு சேர்த்து மூன்று போத்தல்கள் வாங்குங்கள்: ஒரு சோவின்யோன் ப்ளாங், ஒரு மெர்லோ, ஒரு கபர்னே அல்லது ஷிராஸ். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி அளவு ஊற்றினால் போதும், சுவைப்பதற்கு அதுவே தாராளம். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் முழுக் குவளைகள் ஐந்துதான் வரும் என்பதை நினைவில் வைத்து மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு வையுங்கள். வாகனம் ஓட்டி வந்தவர் இந்த விளையாட்டில் சேரக்கூடாது. முச்சக்கர வண்டியில் வரச் சொல்லுங்கள்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறு என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகைதான் இருக்கும். எங்கள் தொடர்மாடி வீட்டு அறையில் வைத்த சிவப்பு வைனில் அல்ககோல் மூக்கைக் குத்தும். சிவப்பையும் அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்து எடுங்கள். செலவில்லாமல் ஒரு வைனை ஒரு தரம் உயர்த்த இதைவிடச் சுலபமான வழி இல்லை. வெள்ளையை இரண்டு மூன்று மணி நேரம் குளிரவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் வெளியே எடுங்கள். உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் வாசனை எழாது.

குவளையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒரு சுழற்றுச் சுழற்றி மோந்து, ஒரு மிடறு எடுத்து வாயெல்லாம் பரவவிட்டு விழுங்குங்கள். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, கனம் நான்குக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, "மறுபடி வாங்குவேனா" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து அந்தக் குறிப்போடு சேர்த்து வையுங்கள். சில மாதங்கள் இப்படிச் செய்தால் ஆம் என்று எழுதியவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு வடிவம் தெரியவரும். அந்த வடிவம்தான் உங்கள் சுவை. அதற்குப் பிறகு பெயரே கேள்விப்படாத ஒரு போத்தலையும் நீங்கள் நம்பிக்கையோடு மதிப்பிடலாம்.

மிச்சமான வைனை, சிவப்பானாலும் வெள்ளையானாலும், இறுக்கி மூடிப் பிரிஜ்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். சிறிய போத்தலில் விளிம்புவரை நிரப்பி வைத்தால் காற்றுப் படாமல் இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும்.

எங்கள் சாப்பாட்டோடு

உறைப்பு அல்ககோலின் சூட்டையும் டானினின் வறட்சியையும் கூட்டிக் காட்டும். நண்டுக் கறியோடு 14.5 சதவீத ஷிராஸ் குடித்தால் வாய் எரிவதே மிஞ்சும். உறைப்பான சாப்பாட்டுக்கு அல்ககோல் குறைந்த, இலேசாக இனிக்கும், நன்றாகக் குளிர்ந்த வைன் வேண்டும்: ரீஸ்லிங், தென்னாபிரிக்காவின் செனின் ப்ளாங், ரோசே. புளி விட்ட மீன்குழம்புக்கு அந்தப் புளிக்கு ஈடுகொடுக்கும் புளிப்புள்ள சோவின்யோன் ப்ளாங் வேண்டும். புளிப்புக் குறைந்த வைன் அதன் பக்கத்தில் தண்ணீராகிவிடும். இடியப்பமும் சொதியும் என்றால் தேங்காய்ப்பாலின் மென்மைக்கு ஷார்டனே நல்ல துணை. மீனோடு கடும் சிவப்பு வேண்டாம். சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சு வாடையைக் கிளப்பும். வறுத்த மரக்கறி, வடை, கட்லட் எல்லாவற்றுக்கும் நுரைக்கும் வைன் பொருந்தும், எண்ணெய்ப் பிசுக்கை அது கழுவிவிடும்.

மற்றவருக்குச் சொல்லும்போது

சில மாதங்களில் நண்பர்கள் உங்களிடம் யோசனை கேட்கத் தொடங்குவார்கள். அப்போது உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடாதீர்கள். தேநீர் எப்படிக் குடிப்பீர்கள், என்ன சாப்பாட்டோடு, எவ்வளவு செலவழிக்கலாம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பால் தேநீரில் இரண்டு கரண்டி சீனி போடுகிறவருக்கு மொஸ்காட்டோ அல்லது இனிப்புள்ள ரீஸ்லிங். சீனியில்லாத பிளேன்டீக்காரருக்கு மல்பெக். எலுமிச்சைத் தேநீர்க்காரருக்குச் சோவின்யோன் ப்ளாங். ஒரு பெயரோடு நிறுத்தாமல் ஒரு மாற்றும் சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் சொன்ன போத்தல் கொழும்பின் கடையில் அடுத்த கப்பல் வரும்வரை இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும். "இந்தப் பெயரில் இல்லாவிட்டால் சிலியின் சோவின்யோன் ப்ளாங் எதுவானாலும், 13 சதவீதத்துக்குக் கீழே, போன வருடத்தது" என்று சொன்னால் அவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

குடிக்காதவரிடமும், மருந்து எடுப்பவரிடமும், கர்ப்பிணிகளிடமும், மதவிரதம் காப்பவரிடமும் வற்புறுத்தாதீர்கள். விருந்துக்குப் போகும்போது பரிசாக ஒரு போத்தல் கொண்டுபோவதென்றால், அந்த வீட்டில் குடிக்கிறார்களா என்று தெரிந்த ஒருவரிடம் முதலில் விசாரியுங்கள். குடிக்கிறார்கள், ஆனால் சுவை தெரியாது என்றால் இனிப்பில்லாத ரோசே ஒன்றைத் திருகுமூடியில் பார்த்து வாங்குங்கள். துவர்ப்பு இல்லை, புளிப்பு மிதம், சோறு கறி பலவற்றோடும் ஒத்துப்போகும், வீட்டுக்காரர் தக்கைத் திருகியைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. போகும் வழியில் வண்டியின் பின்பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்திவிடாமல், ஈரத் துணியில் சுற்றிக் கையிலேயே கொண்டுபோங்கள்.